நாலேகால் அங்குலம்

ஊட்டியில் முதல் க்ரீன். காலை பத்து மணி. பனி காய்ந்து, வெயில் முதுகில் இதமாக விழுந்துகொண்டிருந்தது. என் பந்துக்கும் குழிக்கும் நடுவே பதினைந்து அடி. சென்னையில் இந்தத் தூரத்துக்கு எவ்வளவு வீசுவேனோ அவ்வளவே வீசினேன். பந்து குழியை நோக்கிப் போனது. கடன் கொடுத்தவரை எதிரே கண்டவன் மாதிரி கொஞ்சம் ஒதுங்கியது. பிறகு நடையைக் கூட்டி, க்ரீனின் விளிம்பைத் தாண்டி, கீழ்ச்சரிவில் இறங்கிக் காணாமல் போனது. பதினைந்தடி வேலையை ஒரே அடியில் முப்பதடி வேலையாக்கிவிட்டேன்.

என் பையைச் சுமந்து வந்த பெரியவர் கொடிக்கம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“சாருக்கு மெட்ராஸுங்களா?”

நான் ஊர் பெயரைச் சொல்லியிருக்கவே இல்லை.

கோல்ஃப் பக்கம் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மைதானத்தில் புல்லை மழமழவென்று வெட்டி, குழி தோண்டி, கொடி நட்டிருக்கும் இடம் க்ரீன். தூரத்திலிருந்து தூக்கி அடித்து அங்கே வந்து சேர்ந்தபின், பட்டர் என்கிற மட்டையால் பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் போட வேண்டும். அந்த உருட்டலுக்குப் பெயர் பட். பையைச் சுமந்து வழி சொல்லிக்கொண்டு கூட வருகிறவர் கேடி. ஒரு பக்கம் பட்டர், ஒரு பக்கம் கேடி. ஸ்ரீரங்கத்துக்கும் சென்ட்ரல் ஜெயிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட விளையாட்டு என்பாள் என் மனைவி. என் பட்டர் நாலாயிரம் ரூபாய் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. அது மாதத் தவணை.

குழியின் குறுக்களவு உலகமெங்கும் ஒன்றுதான். நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். 1891-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருந்து விதியாக வந்தது. பந்து 1.68 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆக, இரண்டரைப் பந்து அகலத்துக்கு ஒரு வாசல். வாசலை இவ்வளவு கறாராக அளந்தவர்கள், அதைச் சுற்றி இருக்கிற முற்றத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். புல் என்ன ஜாதி, எவ்வளவு ஒட்ட வெட்டுவது, தரைக்கு எந்தப் பக்கம் வாட்டம், எல்லாம் அந்தந்த ஊர்ப் பாடு. இது எனக்குப் புதிய பாடமும் அல்ல. பதினோரு வயதில் எங்கள் வீட்டு கேரம் போர்டில் நான் ராஜா. தெருமுனை மன்றத்தில் போரிக் பவுடரை அள்ளிக் கொட்டித் தேய்த்த போர்டில் முதல் தடவை சுண்டியபோது ஸ்ட்ரைக்கர் நேராகப் பாக்கெட்டுக்குள் போனது. இரண்டாவது தடவையும் போனது. மூன்றாவது தடவை என்னை விளையாட விடவில்லை.

சென்னையில் நான் வாரம் மூன்று நாள் உருட்டும் க்ரீன்களில் இருப்பது பெர்முடா என்ற புல். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தாவரவியல்காரர்களிடம் கேட்டால் சைனோடான் டாக்டிலான் என்பார்கள். பிள்ளையாருக்குச் சாத்துகிற நம் அருகம்புல்லேதான். அதை அதன் ஆப்பிரிக்கச் சொந்தம் ஒன்றோடு கலந்து, மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு வெட்டி வளர்க்கிறார்கள். அருகம்புல்லின் குணம் வீட்டுத் தோட்டத்தில் களை பிடுங்கியவர்களுக்குத் தெரியும். நேராக நிற்காது, படரும். படர்கிற திசையில் பந்தை விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்து விட்டால் பிடித்து நிறுத்தும். எங்கள் க்ரீன் சற்று மெத்தனமும்கூட. மழைக்காலத்தில் பந்தை உருட்டுவதற்கும் பாயை உதறுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அங்கே ஐந்து வருடம் பழகியதில் என் கைக்கு ஒரே ஒரு வேகம் பதிந்துவிட்டது. அதை நான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழுவில் ஆறடிக்குள் என்னை அடிக்க ஆளில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான்.

ஊட்டிக்கு நான் வெறுங்கையோடு போகவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சி செய்துவிட்டுத்தான் போனேன். அதுதான் இன்னும் கேவலம்.

க்ரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. பெரிய இயந்திரமெல்லாம் இல்லை. 36 அங்குல நீள அலுமினியப் பட்டை, நடுவில் வாய்க்கால் மாதிரி மடிப்பு, கீழ் முனையிலிருந்து 30 அங்குலத்தில் ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்தில் பந்தை வைத்துப் பட்டையின் அந்த முனையை மெதுவாகத் தூக்கினால், சுமார் இருபது டிகிரி சாய்வில் பந்து தானாக உருண்டு இறங்கும். தரையில் எத்தனை அடி ஓடி நிற்கிறதோ அதுதான் அந்த க்ரீனின் எண். போகும்போது மூன்று பந்து, திரும்பும்போது மூன்று பந்து, சராசரி. நான் பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடையில் அலுமினியச் சட்டம் வாங்கி, அளந்து வெட்டி, அரம் வைத்துப் பள்ளம் ராவி, பழைய பெட்ஷீட்டில் சுற்றி, மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏற்றிக் கொண்டுபோனேன். குன்னூரில் எதிர் சீட்டு அம்மாள், “ஊட்டில வீடு வாங்கிருக்கீங்களா தம்பி? ஸ்க்ரீன் கம்பியெல்லாம் அங்கேயே கிடைக்குமே” என்றார்.

முதல் நாள் மாலை பயிற்சி க்ரீனில் பட்டையை வைத்து அளந்தேன். ஒன்பதடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. சென்னையில் அதே பட்டையில் ஏழு. எழுதிக்கொண்டேன், அடியில் இரண்டு கோடு போட்டேன், வர்க்கியும் டீயும் சாப்பிடப் போய்விட்டேன். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் என் கை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. டாக்டரிடம் போய் ரத்தச் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, நேராக ஸ்வீட் கடைக்குப் போகிற ஜாதி நான்.

டீக்குப் போகுமுன் அந்தப் பயிற்சி க்ரீனில் செய்திருக்க வேண்டிய வேலை ரொம்ப எளிது. மூன்று பந்தை எடுத்து, குழியைப் பார்க்காமல், முப்பதடி தள்ளி க்ரீனின் ஓரம்வரை உருட்டிப் பார்ப்பது. ஓரத்தைத் தாண்டாமல், முன்னாலேயும் நிற்காமல் மூன்றும் போய்ச் சேரும்வரை. மேடேற ஒரு தடவை, இறக்கத்தில் ஒரு தடவை. கைக்குப் புதுத் தரையின் வேகம் தெரிய அதற்கு மேல் மந்திரம் கிடையாது. நான் செய்ததோ குழிக்கு மூன்றடியில் நின்று டொக் டொக்கென்று பத்துப் பந்தைப் போட்டது. போவோர் வருவோர் பார்க்கிறார்கள் அல்லவா. குழியில் பந்து விழுகிற சத்தம் யாரைத்தான் விட்டது?

இந்தப் பட்டை பிறந்த கதையே என்னைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டது மாதிரி இருக்கும். 1935-ல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் ஓக்மான்ட் மைதானத்தில் யு.எஸ். ஓப்பன் நடந்தது. ஜீன் சாரசன் அன்றைய பெரிய பெயர். அவர் உருட்டிய பந்து க்ரீனை விட்டே வெளியேறியதைக் கூட்டத்தில் நின்று பார்த்தவர் எட்வர்ட் ஸ்டிம்ப்சன். இந்தத் தரையின் வேகத்துக்கு ஒரு நியாயம் வேண்டாமா என்று நினைத்து, மரத்தில் ஒரு கருவி செய்தார். அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதை அலுமினியத்தில் செய்து மைதானங்களுக்குக் கொடுத்தபோது 1978 ஆகியிருந்தது. ஆனால் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அந்த 1935 போட்டியில் ஜெயித்தவர் சாரசன் அல்ல, சாம் பார்க்ஸ் என்பவர். நாலு சுற்றுக்கும் சேர்த்து அவர் அடித்தது 299 தடவை; இந்த ஆட்டத்தில் குறைய அடித்தவருக்கே வெற்றி. வேறு ஒருவரும் முந்நூறுக்குக் கீழே வரவில்லை. அவர் பக்கத்து மைதானத்தில் வேலை பார்த்தவர். போட்டிக்கு முன்பே ஓக்மான்டில் போய்ப் போய்ப் பழகியிருந்தார். உலகத்துக் கொம்பன்களெல்லாம் வந்து நின்ற இடத்தில் உள்ளூர்க்காரர் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். எங்கள் க்ரீனுக்கு சாரசன் வந்திருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன் என்று இதைப் படித்தபோது தோன்றியது. பக்கத்தில் யாரும் இல்லாததால் சத்தமாகச் சொல்லவில்லை.

சரி, ஊட்டி. முதல் க்ரீனில் பந்து ஓடிப்போனதா, இரண்டாவது க்ரீனில் பயந்து தொட்டேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. மூன்றாவதில் அந்தக் கோபத்தில் அடித்தேன், ஓடிப்போனது. நாலாவதில் தொட்டேன். என் வைத்தியம் எப்போதும் ஒரு க்ரீன் தாமதம். நேற்றைய காய்ச்சலுக்கு இன்று மாத்திரை. இன்று வந்திருப்பது வயிற்றுப்போக்கு. டேவ் பெல்ஸ் என்ற அமெரிக்க ஆசான், குழியில் விழாத பந்து அதைத் தாண்டிப் பதினேழு அங்குலத்தில் நிற்கிற வேகம்தான் சிறந்தது என்று கணக்குப் போட்டிருக்கிறார். பதினேழு என்ற எண்ணை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அங்குலம் மட்டும் அடியாகிவிட்டது.

கூட வந்த நண்பர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. வட்டி கணக்குப் பார்த்த கண் என்பதால் எதையும் லேசில் நம்பமாட்டார். அவரிடம் நான் விளக்கம் சொன்னேன். “ஏழாயிரம் அடி உயரம் சார். காத்து லேசு. பந்து அதனால வேகமா உருளுது.”

“பறக்கற பந்துக்குத்தானே காத்து? உருள்ற பந்துக்குப் புல்லுதான?”

இந்த மாதிரி கேள்வி கேட்பவர்களோடு விளையாடப் போகக் கூடாது.

வேகம் இப்படி என்றால் வளைவு அதற்கு மேல். மலையில் கண்ணை நம்ப முடியாது. சுற்றிலும் எல்லாம் சரிந்து கிடக்கும்போது, கொஞ்சம் சரிந்த இடம் மட்டமாகத் தெரியும். மட்டமான இடம் மேடாகத் தெரியும். ஐந்தாவது க்ரீனில் மேடு என்று நான் சத்தியம் செய்த இடத்தில் பந்து இறக்கத்தில் ஓடியது. கேடிப் பெரியவர் சொன்ன யோசனை, நான் படித்த மூன்று புத்தகங்களிலும் இந்த அழகோடு இல்லை. “ஒரு குடம் தண்ணியக் கொட்டுனா எங்க சார் போகும்? அங்கதான் பந்தும் போகும். வாட்டம் ஓடைப் பக்கம்.” வீடு கட்டியபோது பாத்ரூமில் கொத்தனார் ரசமட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மக் தண்ணீரை ஊற்றி வாட்டம் பார்த்தது நினைவுக்கு வந்தது. க்ரீனும் மழைத் தண்ணீர் தேங்காமல் வடிகிற மாதிரி அமைத்த தரைதானே. தள்ளி, தாழ்ந்த பக்கம் போய் நின்று பார்த்தால் வாட்டம் தெரிந்துவிடும். நான் பார்த்தது பந்துக்குப் பின்னால் உட்கார்ந்து, பட்டரைத் தூக்குக்குண்டு மாதிரி தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி. அப்படிப் பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். டி.வி.யில் செய்கிறார்கள்.

எய்ம்பாயிண்ட் என்று ஒரு முறையும் வீடியோவில் கற்றிருந்தேன். கண்ணை விட்டுவிட்டுக் காலால் பார்ப்பது. பந்து போகும் வழியின் குறுக்கே காலை அகட்டி நின்று, எந்தப் பாதத்தில் பாரம் அதிகம் என்று உணர வேண்டும். ஒரு சதவீதச் சரிவு என்றால் ஒரு விரல், இரண்டு என்றால் இரண்டு விரல், முகத்துக்கு நேரே நீட்டி, குழிக்குப் பக்கத்தில் பிடித்துக் குறி பார்ப்பது. நல்ல முறை, பயிற்சி உள்ளவர்கள் பெரிய போட்டிகளிலேயே செய்கிறார்கள். நான் ஆறாவது க்ரீனில் கண்ணை மூடிக் காலை அகட்டி நின்று, இரண்டு விரலை நீட்டினேன்.

“இரட்டை இலையா?” என்றார் வங்கி நண்பர். அடுத்த க்ரீனில் சரிவு அதிகம். ஐந்து விரலும் விரிந்தது. “கட்சி மாறிட்டீரா ஓய்?”

அத்தோடு எய்ம்பாயிண்டைக் கைவிட்டேன். சுயமரியாதை என்று ஒன்று இருக்கிறது.

ஆனால் ஏழாவது க்ரீனுக்குப் பிறகு நிலைமை மாறியது. வேறு வழியில்லாமல் பெரியவர் சொன்னதை அப்படியே கேட்க ஆரம்பித்தேன். “வலது பக்கம் ஒரு கப் சார்” என்பார். குழியின் வலது விளிம்பிலிருந்து ஒரு குழி அகலம் தள்ளிக் குறி வைப்பேன். பந்து இடதுபக்கம் வளைந்து குழிக்குப் பக்கத்திலாவது வரும். “இது நேருங்க, ஆனா வலது ஒரு கப் வச்சுக்கங்க” என்பார். வைப்பேன். வரும். பதினோராவதில் ஒன்று விழவே விழுந்தது. நான் பாக்கெட் நோட்டை எடுத்து ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே வந்தேன். அன்று ராத்திரி லாட்ஜ் அறையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினபோது ஒரு பெரிய உண்மை பளிச்சிட்டது. எந்த க்ரீனானாலும், எந்தப் பக்கமிருந்து அடித்தாலும், பந்து கண்ணுக்குத் தெரிவதைவிட ஒரு கப் அதிகமாக இடதுபக்கம் போகிறது! காரணம்? மலை. உச்சியிலிருந்து தரை மொத்தமாக இழுக்கிறது. 2,637 மீட்டர் தொட்டபெட்டா சும்மாவா நிற்கிறது? இதற்கு தொட்டபெட்டா விதி என்று பெயர் வைத்தேன். ஒரு பக்கத்தைக் கையால் எழுதி, படம் வரைந்து, போட்டோ எடுத்து, எங்கள் மைதான வாட்ஸப் குழுவில் போட்டேன். மூன்று நிமிடக் குரல் பதிவும் இணைத்தேன். பதினெட்டுப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

அடுத்த வருடம் கொழும்பு. ராயல் கொழும்பு கோல்ஃப் மைதானத்தின் நடுவே களனிவெளி ரயில் பாதை போகிறது. பந்தின் மேல் குனிந்திருக்கிறபோது ரயில் வந்தால், படிக்கட்டில் தொங்குகிறவர்கள் கையாட்டுவார்கள். நானும் பதிலுக்கு ஆட்டிவிட்டு உருட்டினேன். அது போன இடத்தைப் பற்றி இங்கே வேண்டாம். அங்கே சென்னை மாதிரியே உஷ்ணம், கடலோரக் காற்று. ஆக, நம் ஊர் க்ரீன்தான் என்று தைரியமாக இறங்கியதுதான் தப்பு. வெயில் தேசத்துப் புல்லில் சரிவைவிடப் படர்ச்சியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பந்துக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது புல் வெளிறி மினுங்கினால் அது நம்மை விட்டு விலகிப் படர்கிறது, பந்து ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் நம்மை நோக்கிப் படர்கிறது, இழுத்துப் பிடிக்கும். அதுவும் பிடிபடாவிட்டால் குழியின் வாயைப் பார்க்கலாம். ஒரு பக்கம் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கும். எதிர்ப்பக்கம் பிய்ந்து நார் நாராக இருக்கும். புல் பிய்ந்த பக்கத்தை நோக்கிப் படர்கிறது.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? வெளிச்சம் மங்கி மினுக்கு தெரியாததால், பூனையைத் தடவுகிற மாதிரி க்ரீனை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிப் பார்த்தேன். எந்தப் பக்கம் மயிர்க்கூச்செறிகிறது என்று தெரியுமே.

கூட விளையாடிய உள்ளூர்க்காரர் மிகுந்த மரியாதையோடு தொண்டையைச் செருமினார். ஆட்டத்தின் நடுவே, விளையாடிக்கொண்டிருக்கும் க்ரீனைத் தேய்த்தோ பந்தை உருட்டியோ சோதிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. 13.1e. தண்டம் இரண்டு அடி. இலை தழையைத் தட்டிவிடலாம். தடவக் கூடாது. “நான் தூசிதான் தட்டினேன்” என்று சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டு தடவியதை மூன்று பேர் பார்த்திருந்தார்கள். நட்புப் போட்டியில் எங்கள் அணி தோற்றது ஒரே ஒரு அடியில். திரும்பி வரும் விமானத்தில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அது தற்செயல் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கொழும்பிலும் தொட்டபெட்டா விதி வேலை செய்தது. அங்கே மலை ஏது என்று வங்கி நண்பர் கேட்டார். கடல் இழுக்கிறது என்றேன்.

மகள் எடின்பரோவில் படித்தபோது போய்ப் பார்க்கிற சாக்கில் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போனேன். ஓல்டு கோர்ஸில் விளையாடக் குலுக்கலில் பெயர் கொடுத்தேன், வரவில்லை. பதினெட்டாவது க்ரீனை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். 1970 பிரிட்டிஷ் ஓப்பனில் டக் சாண்டர்ஸ் ஜெயிக்க வேண்டியிருந்த கடைசி பட், சுமார் மூன்றடிதான், அங்கேதான் தவறியது. குறி பார்த்து நின்றவர் நடுவில் குனிந்து வழியில் எதையோ எடுத்தார், அப்படியே நின்று உருட்டினார், பந்து குழியின் வலதுபக்கம் போய்விட்டது. மறுநாள் மீண்டும் பதினெட்டுக் குழி ஆடி, ஒரே அடியில் ஜாக் நிக்லஸிடம் தோற்றார். வேலியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றேன். மகள் இதற்குள் இரண்டு முறை டீ குடிக்கலாமா என்று கேட்டுவிட்டாள்.

பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. பெயர்தான் இமயமலை, முழுக்க முழுக்க க்ரீன், மேடும் பள்ளமுமாகக் கசங்கிய ஜமுக்காளம் மாதிரி. 1867-ல் அந்த ஊர்ப் பெண்கள் ஆரம்பித்த பட்டிங் கிளப். பெண்கள் கையைத் தோளுக்கு மேல் ஓங்கி அடிப்பது நாகரிகமில்லை என்று அன்றைக்கு நினைத்தார்களாம். உருட்ட மட்டும் விட்டார்கள். அவர்கள் உருட்டியே உலகத்தின் முதல் பெண்கள் கோல்ஃப் கிளப் ஆனார்கள். இன்று சில பவுண்ட் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஆடலாம், பட்டரும் பந்தும் அவர்களே தருவார்கள்.

மகள் வாழ்நாளில் பட்டரைத் தொட்டதில்லை. நான் ஒவ்வொரு குழியிலும் பின்னால் போய்க் குனிந்தேன், பக்கவாட்டில் போய்ப் படுத்தேன், வலது ஒரு கப் கூட்டினேன். அவள் குழியைப் பார்த்தாள், கையை ஆட்டினாள், அடித்தாள். சின்ன வயதில் தெருவில் கோலி ஆடியதைப் போல. ஒவ்வொரு முறையும் பந்து எங்கே போகிறது என்று கடைசிவரை நின்று வேடிக்கை பார்த்தாள். நான் என் பந்து தவறுகிறது என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தாண்டி ஓடுகிற பந்து கடைசி நாலடியில் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தால், திரும்பி வரும் பட்டுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. அந்த நேரத்தில் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

“ஏன்பா ஒவ்வொண்ணுக்கும் படுத்துப் படுத்துப் பாக்கற? முதுகு புடிச்சுக்கப் போகுது.”

பதினெட்டுக் குழியில் அவள் 49, நான் 60. எங்களுக்குப் பின்னால் வந்த ஏழெட்டு வயதுப் பையனும் அவன் பாட்டியும் ஐந்தாவது குழியிலேயே எங்களைத் தாண்டிப் போயிருந்தார்கள். சென்னைக்குத் திரும்பியதும் நண்பர்கள் ஸ்காட்லாந்து எப்படி என்று கேட்டார்கள். காற்று அதிகம் என்றேன்.

போன வருடம் மறுபடி ஊட்டி. அதே வங்கி நண்பர், அதே கேடிப் பெரியவர். இந்தத் தடவை நோட்டோடு போனேன். பெரியவரிடம் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு க்ரீனிலும் வாட்டம் பார்த்து, விதிப்படி ஒரு கப் வலது கூட்டி உருட்டினேன். நம்பமாட்டீர்கள், நன்றாகவே போனது. ஒன்பது குழியில் ஒரு க்ரீனில்கூட மூன்று பட் இல்லை. வங்கி நண்பரின் எகத்தாளம் குறைந்தது. பத்தாவதில் அவரே இறங்கி வந்தார். “அந்த நோட்டக் காட்டும்.”

பெருந்தன்மையோடு கொடுத்தேன். அவர் பந்து எட்டடியில். என்னுடையதும் ஏறத்தாழ அதே கோட்டில், இன்னும் இரண்டடி பின்னால். நான் முதலில். ஒரு கப் வலது. விழுந்தது. அவர் நோட்டைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், ஒரு கப் வலதுபக்கம் குறி வைத்தார். சுத்தமான அடி. பந்து வைத்த கோட்டில் நூல் பிடித்த மாதிரி போய், குழிக்கு ஒரு கப் வலதுபக்கமாகத் தாண்டியது. பதினொன்றிலும் அப்படியே. பன்னிரண்டிலும். நூறு ரூபாய் பந்தயம் முந்நூறு ஆகியிருந்தது.

அவர் பெரியவரிடம் நோட்டை நீட்டினார். “என்னங்க இது? நீங்க சொன்னதத்தான் எழுதி வச்சிருக்காராம்.”

பெரியவர் இரண்டு பக்கம் புரட்டினார். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது.

“இது அவருக்குச் சொன்னதுங்க சார். உங்களுக்கு நேருதான்.”

“அதென்ன அவருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு? க்ரீன் ஒண்ணுதான?”

“க்ரீன் ஒண்ணுதானுங்க. இவரு...” என்று என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கண்ணால் கேட்டார். சொல்லுங்க என்றேன்.

“சார் எப்பவும் இடது பக்கம் இழுத்துருவாருங்க. ஒரு கப் அளவு. அன்னிக்கு ரெண்டாவது க்ரீன்லயே பாத்துட்டேன். சொன்னா மனசு சங்கடப்படுவாரு, அதான் வலது ஒரு கப்புன்னு சொல்லிட்டு விட்டுட்டேன்.”

எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் இடதுபக்கமே வளைகிற தரை உலகத்தில் இருக்க முடியாது. எதிர்ப்பக்கம் போய் நின்றால் அதே சரிவு வலதாகத்தானே ஆக வேண்டும். ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். ஊட்டியில் மலையும் கொழும்பில் கடலும் செயின்ட் ஆண்ட்ரூஸில் காற்றும் இழுத்ததாக நான் இரண்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்ததை, என் இடது மணிக்கட்டு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

வங்கி நண்பர் முந்நூறு ரூபாயைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று ராத்திரி லாட்ஜ் அறையில் வாட்ஸப்பைத் திறந்து, மேலே தள்ளித் தள்ளி, தொட்டபெட்டா விதியைத் தேடிப் பிடித்தேன். படம், போட்டோ, மூன்று நிமிடக் குரல் பதிவு. இத்தனை பழைய செய்திக்கு ‘அனைவருக்கும் நீக்கு’ என்பது வருவதில்லை. ‘எனக்கு மட்டும் நீக்கு’ என்றுதான் வந்தது. குழுவில் அறுபத்திரண்டு பேர். அதில் நாலு பேர் வருகிற மாதம் ஊட்டி போகிறார்கள். நோட்டின் தெளிவான பிரதி கிடைக்குமா என்று ஒருவர் அன்று காலைதான் கேட்டிருந்தார்.